உங்கள் தெரு வேலையை மன்றத் தீர்மானமாக்குவது எப்படி: மனு முதல் வேலை உத்தரவு வரை

எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் கேட்டு அலைந்த காலத்தில், கவுன்சிலர் சொன்ன "பண்ணிடலாம்" என்ற ஒரு வார்த்தையை நம்பித் தெருவே காத்திருந்தது. அவர் ஏமாற்றவில்லை. ஒரு கவுன்சிலர் தனியாக நினைத்தால் நகராட்சிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே வராது என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். செலவு மதிப்பீடு போட வேண்டும், எந்த நிதி என்று முடிவாக வேண்டும், கூட்டத்தில் எடுக்கப்போகும் விஷயங்களின் பட்டியலான அஜெண்டாவில் பொருளாக ஏற வேண்டும், கவுன்சிலர்கள் எல்லாரும் கூடும் மன்றம் தீர்மானம் போட வேண்டும், டெண்டர் விட வேண்டும், வேலை உத்தரவு வர வேண்டும். இந்த வரிசையில் உங்கள் காகிதம் இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் இருப்பவர்களுக்கானது. கிராம ஊராட்சி என்றால் வழி வேறு. அங்கே ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் நேரடியாக எழுந்து கேட்கலாம்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. 2023 ஏப்ரல் முதல் மூன்று வகை நகர்ப்புற உள்ளாட்சிக்கும் ஒரே சட்டம்தான்: 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், அதன்கீழ் வந்த 2023 விதிகளும். 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பிரிவுகளைக் காட்டும் பழைய மாதிரி மனுக்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதாதீர்கள். சட்டப் பிரிவே இல்லாத தெளிவான மனு, தவறான பிரிவு போட்ட மனுவைவிட எவ்வளவோ மேல்.

1. வேலை யாருடையது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் தீர்மானம் தேவையில்லை. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை, குழாய் உடைந்திருக்கிறது என்பவை புகார்கள். அலுவலகத்துக்கு ஒரு போன் போதும். சென்னையில் 1913. புதிய சாலை, புதிய வடிகால், பூங்கா, சமுதாயக் கூடம், புதிய விளக்குக் கம்பங்கள் என்று பணம் ஒதுக்க வேண்டியவைதான் மன்றத்துக்குப் போகும்.

அடுத்து, அந்த இடம் உள்ளாட்சிக்குச் சொந்தமா என்று பாருங்கள். பெரிய சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும். ஓடையும் வாய்க்காலும் நீர்வளத் துறையுடையதாக இருக்கலாம். அங்கே மன்றம் தீர்மானம் போட்டாலும், 'சம்பந்தப்பட்ட துறைக்குக் கடிதம் எழுதலாம்' என்ற அளவில்தான் நிற்கும்.

புதிதாக உருவான நகர்களில் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று இருக்கிறது. மனை பிரித்து விற்றவர் சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் ஆவணப்படி உங்கள் சாலை இன்னும் தனியார் நிலம். தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைச் செலவிட்டால் தணிக்கையில் தடை எழும் என்பதால் பொறியாளர் மதிப்பீடே போட மாட்டார். பல நேரம் இதை வெளிப்படையாகவும் சொல்ல மாட்டார்கள். 'பார்க்கலாம்' என்றே காலம் ஓடும்.

எனவே கையில் வைத்திருக்க வேண்டிய முதல் காகிதங்கள் இவை: மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், அதில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் எண், சாலையை ஒப்படைத்த தானப்பத்திரத்தின் எண். தானப்பத்திரம் கிடைக்கவில்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பதிவாகவே இல்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மனு கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

2. வார்டு எண்ணில் குழம்பாதீர்கள்

சொத்துவரி ரசீதில் ஒரு வார்டு எண் இருக்கும், நில அளவைப் பதிவேட்டில் வேறொன்று இருக்கும், தெருமுனைப் பலகையில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். கவுன்சிலருக்குரியது தேர்தல் வார்டு. அது வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. 2022 பிப்ரவரித் தேர்தலுக்கு முன் வார்டு எல்லைகள் மாற்றி வரையப்பட்டதால் பழைய பலகைகளை நம்ப வேண்டாம். மனுவில் தேர்தல் வார்டு எண்ணையும், வரி ரசீதிலுள்ள வரிவிதிப்பு எண்ணையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

கவுன்சிலர் தவிர நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியவர்கள் இருவர். ஒருவர் உங்கள் வார்டுக்கான உதவிப் பொறியாளர் அல்லது இளநிலைப் பொறியாளர். மதிப்பீடு அவர் கையில். மற்றவர் மன்றக் கூட்டப் பணிகளைப் பார்க்கும் பிரிவின் எழுத்தர். அஜெண்டா தட்டச்சாவதும் தீர்மானப் புத்தகம் இருப்பதும் அவரிடம். பேரூராட்சியில் ஆட்கள் குறைவு, செயல் அலுவலரே பல மேசைகளைப் பார்ப்பார். மாநகராட்சியில் ஆணையர் அலுவலகத்துக்கு ஓடுவதற்கு முன் மண்டல அலுவலகத்தில் தொடங்குங்கள்.

3. மனுவை இப்படி எழுதுங்கள்

ஒரு மனு, ஒரு கோரிக்கை. இதை மீறவே கூடாது. சாலை, விளக்கு, குடிநீர், நாய்த்தொல்லை எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால், அது எந்தப் பிரிவுக்கும் முழுதாகச் சொந்தமாகாது. எளிதான ஒன்றைச் செய்துவிட்டு 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று கோப்பை மூடிவிடலாம்.

மனுவில் இருக்க வேண்டியவை:

- பெறுநர்: ஆணையர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். நகல்: மேயர் அல்லது தலைவர், வார்டு கவுன்சிலர், பொறியாளர்.
- இடம்: எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எந்தச் சந்திப்பு வரை. தோராயமான நீளம் மீட்டரில், சாலையின் அகலம், எத்தனை வீடுகள்.
- நிலை: தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது, எந்தப் பெரிய வடிகாலில் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்.
- கோரிக்கை: "மதிப்பீடு தயாரித்து மன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்ற ஒரு வரி. பெரும்பாலான மனுக்களில் இல்லாத வரி இதுதான். 'ஆவன செய்யுங்கள்' என்று முடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அலுவலகமே தீர்மானிக்கும்.

இணைப்பாகத் தேதி தெரியும் புகைப்படங்கள், சில வீடுகளின் நடப்பு ஆண்டு சொத்துவரி ரசீது நகல்கள், மனைப்பிரிவு வரைபட நகல், கையெழுத்துப் பட்டியல் ஆகியவை போதும். பட்டியலில் பெயருக்கு நேரே கதவு எண் இருக்கட்டும். வரி பாக்கி வைத்திருக்கும் வீடுகள் மனுக் கொடுப்பதற்கு முன் கட்டிவிடுவது நல்லது. சட்டப்படி இரண்டும் வேறு வேறுதான். ஆனால் 'முதலில் பாக்கியைக் கட்டச் சொல்லுங்கள்' என்ற பேச்சு எழுந்துவிட்டால் உங்கள் பொருள் அங்கேயே திசை மாறிவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று: வடிகால் போகப்போகும் வரிசையில் யார் வீட்டுப் படியும் சாய்தளமும் சாலையில் நீண்டிருக்கின்றன என்று தெருவே சேர்ந்து நடந்து பாருங்கள். வேலை தொடங்கும்போது இடிக்க வேண்டிவரும் என்பதை அந்த வீட்டாரிடம் இப்போதே பேசிச் சம்மதம் வாங்குங்கள். டெண்டர் முடிந்து ஜே.சி.பி. வந்து நின்ற பிறகு ஒரு வீட்டார் மறித்தால், ஒப்பந்தக்காரர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவரைத் திரும்ப வரவைப்பது புதிய தீர்மானம் வாங்குவதைவிடக் கடினம்.

மனுக் கொடுக்கக் கட்டணம் கிடையாது. தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வரிசை எண்ணும் வாங்குங்கள். 'வெச்சுட்டுப் போங்க, பாத்துக்கிறோம்' என்று யார் சொன்னாலும் முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள். தர மறுத்தால் அதே மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதோடு விநியோக விவரத்தையும் அச்செடுத்து வையுங்கள்.

4. கவுன்சிலரைச் சந்திக்கும்போது

முத்திரை வாங்கிய நகலோடு போங்கள். திருமண வீட்டிலோ கோயில் வாசலிலோ பார்த்துச் சொல்வது கணக்கில் சேராது. காலையில் அவர் மக்களைப் பார்க்கும் நேரத்தில் இரண்டு மூன்று பேராகப் போவது போதும். கூட்டமாகப் போனால் அது முற்றுகையாகத் தெரியும்.

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள். "அக்கா, கமிஷனர்கிட்ட மனுக் கொடுத்திருக்கோம், இது அதோட நகல். உங்க லெட்டர்பேடுல ஒரு கடிதம் வேணும். எஸ்டிமேட் போட்டு அடுத்த கூட்டத்துல பொருளா வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க" என்று கேட்டால், அவர் செய்ய வேண்டியது என்ன என்பதில் மயக்கம் இருக்காது. முதல்முறை பதவிக்கு வந்தவர்களுக்கு இது உதவியாகவே இருக்கும். கடிதத்தின் வரைவை நீங்களே எழுதிக்கொண்டு போவதில் தப்பே இல்லை.

நகர்ப்புற உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கானவை. பல வார்டுகளில் கவுன்சிலரின் கணவரோ மகனோ முன்னால் வந்து மனுவை வாங்குவார். அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். ஆனால் கடிதத்தில் கையெழுத்து கவுன்சிலருடையதாக இருக்க வேண்டும், முடிந்தவரை அந்த அம்மாவையே நேரில் பார்த்து விளக்குங்கள். மன்றத்தில் உட்கார்ந்து பேசப்போவது அவர்தான். விவரம் அவர் மனதில் இல்லையென்றால் தலைவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே பொருள் ஒத்திப்போகும்.

உங்கள் வார்டு எதிர்க்கட்சியுடையதா? மனம் தளர வேண்டாம், ஆனால் எழுத்து இன்னும் உறுதியாக இருக்கட்டும். மனுவின் நகலைத் தலைவரிடமும் நேரில் கொடுங்கள். கவுன்சிலரைத் தவிர்த்துவிட்டுப் போவது மட்டும் கூடாது. தன் வார்டு வேலை தனக்குத் தெரியாமல் நகர்ந்தால், அவரே கூட்டத்தில் எழுந்து ஆட்சேபிக்கக்கூடும்.

5. பகுதி சபாவைப் பயன்படுத்துங்கள்

ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்தப் பகுதியின் வாக்காளர் அனைவரும் பகுதி சபாவின் உறுப்பினர்கள். அதற்கு மேல் கவுன்சிலர் தலைமையில் வார்டுக் குழு. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று மாநிலமெங்கும் பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. இதற்கான விதிகளும் அதே ஆண்டு வந்தவைதான். கிராம சபை அளவுக்கு இது இன்னும் வேரூன்றவில்லை. பல ஊர்களில் கூட்டம் நடந்ததே மக்களுக்குத் தெரியாமல் போகிறது. அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று கவுன்சிலரிடமும் அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

போனால் பேசிவிட்டு மட்டும் வராதீர்கள். நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் கோரிக்கை எழுதப்பட்டதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் வருகைக் கையெழுத்து கேட்டால் போட வேண்டாம்.

6. மதிப்பீடும் நிதியும்

மனு கொடுத்த பின் பெரும்பாலானவர்கள் கவுன்சிலர் வீட்டுக்கே திரும்பத் திரும்ப நடப்பார்கள். அந்த நேரத்தில் நடக்க வேண்டியது பொறியாளரிடம். அவர் வந்து அளந்து மதிப்பீடு போடாமல், கவுன்சிலரும் தலைவரும் ஆணையரும் ஒரே மனதாக இருந்தாலும் பொருள் தயாராகாது. அளக்க வரும் நாளில் தெருவில் ஒருவர் கூட இருங்கள். சாலையின் கடைசி வீடு வரை டேப் பிடிக்கப்பட்டதா, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று மட்டம் பார்க்கப்பட்டதா என்று கவனியுங்கள். தண்ணீர் போய்ச் சேர இடமில்லாத வடிகால், கொசு வளர்க்கும் தொட்டியாகத்தான் முடியும். இதைப் பொறியாளரிடம் பணிவாக, ஆனால் கட்டாயம் கேளுங்கள்.

மதிப்பீடு முடிந்ததும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "சார், இது எந்த ஃபண்டுல போகுது?" பதில் பொது நிதி என்று வரலாம். நிதிக்குழு மானியம் என்று வரலாம். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்ற மாநிலத் திட்டமாக இருக்கலாம். 'ஃபண்டு வந்தா பார்க்கலாம்' என்றால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று பொருள்.

பொது நிதி என்பது உங்கள் சொத்துவரி, தொழில்வரி, கடை வாடகை முதலியவற்றிலிருந்து வருவது. சம்பளமும் மின்கட்டணமும் போக மிஞ்சுவது சிறிய ஊர்களில் மிகக் குறைவு. அதனால் வேறு கதவுகளையும் தட்டுங்கள். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதிக்குத் தனியாக மனுக் கொடுக்கலாம். தெருவில் வசதி இருந்தால் நமக்கு நாமே திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். பொதுமக்கள் ஒரு பங்கைச் செலுத்தினால் மீதியை அரசு தரும் திட்டம் அது. பங்குத் தொகையை உள்ளாட்சியின் பெயரில் வங்கி வரைவோலையாகவோ காசோலையாகவோ மட்டும் செலுத்தி ரசீது வாங்குங்கள். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

காலக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் வேலை அதற்குச் சில மாதம் முன்பே ஆரம்பித்துவிடும். கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் நிற்கும் படத்தோடு மனு உள்ளே போயிருந்தால் அடுத்த ஆண்டுக் கணக்கில் இடம்பிடிக்க வாய்ப்பு உண்டு. ஏப்ரல், மே மாதத்தில் கொடுக்கும் மனுவுக்கு, 'இந்த வருஷத்து ஒதுக்கீடு முடிஞ்சிடுச்சே' என்ற பதில் காத்திருக்கும்.

7. அஜெண்டாவில் ஏறியதா என்று பாருங்கள்

மன்றம் மாதம் ஒருமுறை கூடுவதே பொதுவான நடைமுறை. ஆனால் தேதி தள்ளிப்போகும், திடீரென்று அவசரக் கூட்டமும் வரும். கூட்டத்துக்குச் சில நாள் முன்பு அஜெண்டா எல்லாக் கவுன்சிலர்களுக்கும் போய்ச் சேரும். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், கீழே அலுவலகக் குறிப்பு, கடைசியில் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்' என்பது போன்ற ஒரு வரி இருக்கும்.

உங்கள் கவுன்சிலரிடம் அஜெண்டாவைக் கேட்டு வாங்கி, உங்கள் தெருவுக்கான பொருளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க வேண்டியவை மூன்று: தெருவின் பெயரும் வார்டு எண்ணும் சரியா, மதிப்பீட்டுத் தொகை இருக்கிறதா, எந்த நிதியிலிருந்து என்று சொல்லும் நிதித் தலைப்பு இருக்கிறதா. ஒரே பெயரில் இரண்டு மூன்று தெருக்கள் உள்ள ஊர்கள் எத்தனையோ. 'பாரதி தெரு' என்று மட்டும் இருந்தால் எந்தப் பாரதி தெரு என்று தீர்மானத்துக்குப் பிறகு சண்டை வரும். கூட்டத்துக்கு முன்பே திருத்தச் சொல்லிவிடுங்கள்.

அஜெண்டாவில் இல்லாமல் கவுன்சிலர் கூட்டத்தில் எழுந்து பேசினால் மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. பேச்சு மறுநாள் செய்தித்தாளில் வரும், தலைவர் 'பரிசீலிக்கப்படும்' என்பார். அதற்குத் தீர்மான எண் கிடையாது. எண் இல்லாததற்கு டெண்டரும் கிடையாது.

8. கூட்ட நாள்

பார்வையாளராக உட்கார அனுமதி உண்டா என்று முதல் நாளே அலுவலகத்தில் கேளுங்கள். ஊருக்கு ஊர் இட வசதியும் நடைமுறையும் மாறுகின்றன. உள்ளே விட்டால் அமைதியாக இருந்து குறிப்பு எடுங்கள். நடுவில் எழுந்து பேச உங்களுக்கு உரிமை இல்லை.

பட்டியலில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக விவாதிக்காமல் 'ஆல் பாஸ்' என்று மொத்தமாக நிறைவேற்றிவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. வெளிநடப்பும் கூச்சலும் நடந்தால் என்ன முடிவானது என்று உள்ளே இருப்பவர்களுக்கே தெளிவாகத் தெரியாது. ஆகவே 'நிறைவேறிடுச்சு' என்று யாராவது போன் செய்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் நகல் கைக்கு வரும்வரை அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'அனுமதிக்கப்பட்டது' என்பது ஒன்று, 'ஒத்திவைக்கப்பட்டது' என்பது வேறொன்று, 'பதிவு செய்யப்பட்டது' என்பது முற்றிலும் வேறு. கடைசியாகச் சொன்னதில் மன்றம் விஷயத்தைத் தெரிந்துகொண்டது என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

9. தீர்மான நகலை வாங்குங்கள்

முதலில் கவுன்சிலர் மூலம் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரிவு 6(1)இன் கீழ் வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, அப்படிக் கேட்கவும் கூடாது.

கேள்விகளை இந்த மாதிரி அமையுங்கள்:

- குறிப்பிட்ட தேதியில் நடந்த மன்றக் கூட்டத்தின் அஜெண்டா நகல்.
- அந்தக் கூட்டத்தில் எங்கள் தெரு வடிகால் தொடர்பாக நிறைவேறிய தீர்மானத்தின் நகல், தீர்மான எண்ணுடன்.
- அந்தப் பணியின் மதிப்பீட்டு நகல், நிதித் தலைப்பு விவரம்.
- எங்கள் மனுவின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல். மனுவின் தேதியையும் வரிசை எண்ணையும் குறிப்பிடுங்கள்.

'ஏன் இன்னும் செய்யவில்லை?', 'எப்போது செய்வீர்கள்?' என்று கேட்காதீர்கள். சட்டம் தருவது ஆவணத்தில் இருக்கும் தகவலை. கேள்விக்கு விளக்கம் தர அலுவலருக்குக் கடமை இல்லை, அந்தச் சாக்கில் மற்றவற்றுக்கும் பதில் சுருங்கிவிடும். நகல், விவரம், பதிவேடு என்ற சொற்களில் கேளுங்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். பக்கக் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் அந்தக் கடிதத்துக்கும் நீங்கள் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. எனவே உடனே கட்டிவிடுங்கள். 30 நாள் கடந்த பிறகு தந்தால் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது பிரிவு 7(6). பதில் வரவில்லை அல்லது அரைகுறையாக வந்தது என்றால் அடுத்த 30 நாளுக்குள், பிரிவு 19(1)இல் முதல் மேல்முறையீடு. அதுவும் பயன்படவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே காலம் பிடிக்கும். முதல் மேல்முறையீட்டிலேயே காரியம் முடிய வேண்டுமென்றால் மனு குறுகியதாகவும் தேதிகளோடும் இருக்கட்டும்.

எடுத்ததுமே இந்தச் சட்டத்தை வீச வேண்டாம் என்பது என் கருத்து. அலுவலகத்தில் வாயால் கேட்டுக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு, கிடைக்காததற்கு மட்டும் பயன்படுத்தினால் உறவும் கெடாது, காகிதமும் வரும்.

10. தீர்மானத்துக்குப் பின்: டெண்டர், வேலை உத்தரவு, தரம்

தீர்மானம் வந்துவிட்டது என்று பட்டாசு வெடிக்கும் தெருக்கள் உண்டு. பாதி வழிதான் வந்திருக்கிறோம். தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, குறைந்த விலை கேட்டவரைத் தேர்ந்தெடுத்தல், அதற்கு ஒப்புதல், பிறகுதான் வேலை உத்தரவு. அரசின் டெண்டர் இணையதளத்தில் உள்ளாட்சியின் பெயரைப் போட்டுத் தேடினால் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று தெரியும். யாரும் டெண்டர் எடுக்காமல் போவதும் நடக்கும். பல சிறு வேலைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்து விட்டிருந்தால், உங்கள் தெரு அதில் எத்தனையாவது என்றும் கேளுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையில் தோண்டும் வேலை பெரும்பாலும் நின்றுவிடும். தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் புதிய வேலை தொடங்க முடியாது. ஏற்கெனவே தொடங்கியது தொடரலாம். 'வேலை உத்தரவு எப்போது' என்று சித்திரைக்குள் கேட்டு முடிப்பது இதனால்தான்.

வேலை உத்தரவின் நகலையும் மதிப்பீட்டையும் கையில் வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். மதிப்பீட்டில் இருக்கும் நீளம், அகலம், கம்பி, கான்கிரீட் கலவை தரையிலும் இருக்கிறதா என்று அளக்கலாம், படம் எடுக்கலாம். குறை கண்டால் ஒப்பந்தக்காரரோடு வாக்குவாதம் செய்ய வேண்டாம். அன்றே உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். செய்த வேலையின் அளவு எம் புக் எனப்படும் அளவீட்டுப் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் பில் தயாராகும். உங்கள் புகார் அதற்கு முன்பே கோப்பில் இருக்க வேண்டும். பணம் போன பிறகு வரும் புகாருக்கு வலு குறைவு.

11. இடையில் நின்றுபோனால்

திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அங்கே கொடுக்கும் மனுவில் முன்பு கொடுத்த மனுவின் தேதி, வரிசை எண், தீர்மான எண் எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். எண் இல்லாத மனு அதே அலுவலகத்துக்குத் திரும்பிவந்து புதிய மனுவாகப் பிறக்கும். எண் உள்ள மனுவுக்கு அந்தக் கோப்பிலிருந்தே பதில் சொல்லியாக வேண்டும். 'முதல்வரின் முகவரி' என்ற அரசின் குறைதீர்ப்புப் பிரிவில் 1100 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம்.

எந்தக் கட்டத்திலும் யாராவது பணம் கேட்டால், மனு முதல் தீர்மானம் வரை நீங்கள் சட்டப்படி கொடுக்க வேண்டிய கட்டணம் எதுவும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நகல், ஸ்டாம்ப், தபால், அச்சு ஆகியவைதான் உண்மையான செலவு. கேட்டவர் யார், எப்போது, எவ்வளவு என்று எழுதிவைத்து லஞ்ச ஒழிப்புத் துறையை அணுகலாம்.

12. மன்றத்தின் காலம் முடியும் முன்

2022 மார்ச் தொடக்கத்தில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. கடைசி மாதங்களில் பொருள்கள் குவியும், விவாதம் குறையும். உங்கள் பொருள் ஒத்திவைப்பில் இருந்தால் அந்த நெரிசலுக்கு முன்பே மீண்டும் வைக்கச் சொல்லுங்கள். 2016க்கும் 2022க்கும் இடையே தேர்தல் நடக்காத ஆண்டுகளில் தனி அலுவலர்கள்தான் மன்றத்தின் இடத்தில் இருந்து முடிவெடுத்தார்கள். அப்படி ஒரு இடைவெளி வந்தால் தெருவுக்காகப் பேச உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். கோப்பில் இருக்கும் காகிதம் மட்டும்தான் பேசும்.

எனவே முத்திரை வாங்கிய மனு, கவுன்சிலரின் கடிதம், அஜெண்டாப் பக்கம், தீர்மான நகல், மதிப்பீடு, தகவல் உரிமைப் பதில்கள் அனைத்தையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்து, இரண்டு வீடுகளில் நகல் வையுங்கள். புதிய கவுன்சிலர் வந்த முதல் மாதத்திலேயே, தீர்மான எண்ணைத் தலைப்பில் போட்டு, அந்தக் கோப்பின் நகலை அவரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.